வாடகைக்கு விட வீடு வாங்கலாமா?



தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வாடகை என்று ஒன்று கொடுத்துப் பழகியதில்லை. வேலையோடு சேர்ந்து வந்த வீடு அது. வேலை முடியும்போது வீடும் முடிந்துவிடும். பாட்டன் நட்ட மாமரம் வாசலில் நின்றாலும், பிள்ளைகள் மூவரும் அந்த வீட்டிலேயே பிறந்திருந்தாலும், சாவியைக் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இதை உணர்ந்த குடும்பங்கள் பல, தோட்டத்தில் இருந்துகொண்டே ஜாசினிலோ, மெர்லிமாவிலோ, அலோர் காஜாவிலோ சிறிய வீடு ஒன்றை வாங்கிப் போடுகின்றன. வேலையில் இருக்கும் வரை அதை வாடகைக்கு விடுகின்றன. நம் மக்களில் பலர் ‘வீட்டுக்காரர்’ ஆவது இந்த வழியில்தான். (வீட்டுக்காரர் என்றால் நம் பெண்களுக்கு வேறு பொருளும் உண்டு. இந்த வீட்டுக்காரரையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்!)

இது பற்றிப் பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: லயத்து வீடு இருக்கும்போது டவுனில் வீடு எதற்கு? ஓய்வு பெறும்போது பார்த்துக் கொள்ளலாமே?

அப்படி நினைத்துக் காத்திருந்தவர்களின் கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுபடியும் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போய், நம் குடும்பங்கள் சாலை ஓரத்துக்கு வந்தன. அந்தத் துயரத்தைப் பார்த்துத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டும் தொழிலாளி பத்து வெள்ளி கொடுத்து அங்கத்தினராகச் சேர்ந்தார். தனி ஆளாக ஒரு காணி நிலமும் வாங்க முடியாதவர்கள் ஒன்று சேர்ந்து முழுத் தோட்டங்களையே வாங்கினார்கள்.

அந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நிலம் கையில் இல்லாதவனுக்கு நாள் குறிப்பது மற்றவர்கள்தான். இப்போது குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆனால் தோட்டம் வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ விற்கப்பட்டால், 60 வயது வரை காத்திருக்க யாரும் விடமாட்டார்கள். ஆகவே முதல் வீடு வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். அது வாடகைக்கு விடுவதற்காக மட்டுமன்று, நாளை நீங்கள் போய்ச் சேர்வதற்காக.

கேள்வி: வாங்குவதற்குக் கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

எடுத்துக்காட்டுக்காக 100,000 வெள்ளி விலையுள்ள பழைய தரை வீடு ஒன்றை வைத்துக் கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தால், முன்பணம் 10,000 வெள்ளி. இதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். முடியவில்லை. வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, கடன் பத்திரச் செலவு என்று மேலும் சுமார் 5,000 வெள்ளி ஆகும். (முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரிச் சலுகைகள் உண்டு. வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.) பழைய வீடென்றால் வர்ணம், வயரிங், குழாய், கூரை என்று 3,000 வெள்ளியாவது ஒதுக்க வேண்டும். வாடகைக்கு ஆள் வரும் வரை கட்டுவதற்கு மூன்று மாதத் தவணையும் கையில் இருக்க வேண்டும். ஆக, 20,000 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும்.

இந்தத் தொகையை வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். கூட்டுப் பிடித்த பணத்தை நம்பியும் இறங்காதீர்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. கூட்டுத் தலைவி ஓடிப் போனால், நீங்கள் கொடுத்த வீட்டு முன்பணமும் அதோடு போய்விடும்.

கேள்வி: வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் கரும்பலகையில் கணக்குப் போட வேண்டும். பென்சிலை எடுங்கள்.

90,000 வெள்ளி கடன். ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி. 30 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 456 வெள்ளி கட்ட வேண்டும். வாடகை 550 வெள்ளி கிடைக்கிறது என்று கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 94 வெள்ளி மிச்சம். வீடு விற்கும் தரகர் காட்டும் கணக்கு இதுதான்.

ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று எண்ணாதீர்கள். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வரும் இடைவெளியில் ஒரு மாதம் போகும். இன்னொரு மாத வாடகை இழுபறியிலோ பழுது பார்ப்பதிலோ கரையும். ஆகவே பன்னிரண்டைப் பத்தாக எண்ணுங்கள். பத்து மாத வாடகை 5,500 வெள்ளி. பன்னிரண்டு மாதத் தவணை 5,472 வெள்ளி. மிச்சம் 28 வெள்ளி! இனி நில வரி, சுக்காய் பிந்து என்னும் வீட்டு வரி, தீக் காப்புறுதி, சில்லறைப் பழுது எல்லாவற்றுக்கும் 800 வெள்ளி வைத்தால், உங்கள் சட்டைப் பையிலிருந்து ஆண்டுக்கு 770 வெள்ளிக்கு மேல் போக வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணமும் சேரும்.

இது நட்டமா என்றால், இல்லை. 770 வெள்ளி போட்டு, 5,472 வெள்ளிக் கடனை இன்னொருவர் பணத்தில் கட்டுகிறீர்கள். ஆனால் அந்த வீடு இப்போதைக்கு உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடாது. தன் கடனைத்தான் அது கட்டிக் கொள்ளும். மாதா மாதம் கைச் செலவுக்கு வாடகை வரும் என்று நம்பி வீடு வாங்குபவர் ஏமாந்து போவார்.

கேள்வி: எனக்கு வயது 45. முப்பது ஆண்டுக் கடன் எடுத்தால் தவணை குறையுமே?

பொதுவாக வங்கிகள் 70 வயதுக்குள் முடியும்படிதான் கடன் கொடுக்கும். ஆகவே உங்களுக்கு 25 ஆண்டுதான் கிடைக்கும். அது இருக்கட்டும், நான் சொல்ல விரும்புவது வேறு.

நீங்கள் 60 வயதில் தோட்டத்து வீட்டைக் காலி செய்து சொந்த வீட்டுக்கு வருகிறீர்கள். அன்று வாடகைக்கு இருந்தவர் வெளியேறுவார். வாடகை நிற்கும். அதே மாதம் உங்கள் சம்பளமும் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. 70 வயது வரை அதை யார் கட்டுவது? பிள்ளைகள் தலையில்தான் விழும். நம்மவர் வீட்டுக் கணக்கில் அடிக்கடி விட்டுப் போகும் வரி இதுதான். தரகரும் இதைச் சொல்லமாட்டார். வங்கியும் சொல்லாது.

ஆகவே, கடன் முடியும் நாள் நீங்கள் தோட்டத்தை விட்டு இறங்கும் நாளுக்கு முன்னதாக இருக்க வேண்டும். 45 வயதுக்காரருக்கு அது 15 ஆண்டு. அதே 90,000 வெள்ளிக்கு மாதத் தவணை சுமார் 688 வெள்ளி ஆகும். பத்து மாத வாடகை போக, வரிகளையும் சேர்த்து, மாதம் சுமார் 300 வெள்ளி உங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். பாரம்தான், மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலை செய்யும் வீட்டில் முயன்றால் முடியும். ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் முடியாது. அவர்கள் விலை குறைந்த வீடாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாரத்துக்குப் பலனும் உண்டு. 30 ஆண்டுக் கடனில் வட்டி மட்டும் சுமார் 74,000 வெள்ளி. 15 ஆண்டுக் கடனில் சுமார் 34,000 வெள்ளி. வித்தியாசம் 40,000. பிள்ளையின் மேற்படிப்புக்கு ஆகும் பணம் அது.

கேள்வி: ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாமா?

முதல் வீட்டுக்கு எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டுக்காக எடுப்பது ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து. வாங்கும்போதும் எடுக்கலாம், பின்னர் வீட்டுக் கடனைக் குறைக்கவும் எடுக்கலாம். மேலே சொன்னபடி 60 வயதுக்குள் கடனை முடிக்க இது நல்ல வழி.

முதல் வீட்டை வைத்துக் கொண்டே, வாடகைக்கு விட இரண்டாவது வீடு வாங்கச் சேமநிதி இடம் கொடுக்காது. முதல் வீட்டை விற்றிருக்க வேண்டும் அல்லது வேறு வகையில் அதன் உரிமை கைமாறியிருக்க வேண்டும். அதுவும் ஒருவகையில் நல்லதே. சேமநிதி 2023-ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. அந்தப் பணம் குழாய் உடைந்தது என்று இரவில் கூப்பிடாது. காலி செய்யாமல் அடம் பிடிக்காது. கடன் இல்லாமல் ரொக்கமாக 100,000 வெள்ளி போட்டு வாங்கிய வீடுகூட, மேலே போட்ட கணக்குப்படி செலவு போக ஆண்டுக்கு 4,700 வெள்ளிதான் தருகிறது. வீட்டின் விலை ஏறும் என்பீர்கள். ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

கேள்வி: மலாக்காவில் எந்தப் பக்கம் வாங்கலாம்?

வாடகைக்கு ஆள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்து பெரெண்டாம், ஆயர் குரோ பகுதிகளில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். புக்கிட் பெருவாங் பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழக மாணவர்கள். டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். மெர்லிமாவில் பாலிடெக்னிக். மாணவர்களுக்கு விட்டால் வாடகை கூடும். ஆனால் நீண்ட விடுமுறையில் வீடு காலியாக இருக்கும், தேய்மானமும் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் சற்றுக் குறைந்த வாடகை கொடுத்தாலும் பல ஆண்டுகள் இருக்கும். தொடக்கக்காரருக்குக் குடும்பமே மேல்.

நீங்களே பின்னால் குடியேறப் போகும் வீடாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கிளினிக், பஸ், கோயில், தமிழ்ப்பள்ளி பக்கத்தில் இருக்கின்றனவா? அறுபது வயதில் நான்காம் மாடிப் படி ஏற முடியுமா?

அடுத்தது பட்டா. விற்பவர் காட்டும் நகலை நம்பாமல், நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்யுங்கள். யார் பெயர், என்ன அடமானம், என்ன கட்டுப்பாடு என்பதெல்லாம் தெரிந்துவிடும். நம் மாநிலத்தில் எம்.சி.எல். என்று குறிப்பிடப்படும் வழக்குரிமை நிலங்கள் உண்டு. அவற்றைக் கைமாற்றச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. பொதுவாக மலாய்க்காரர்களுக்கே பெயர் மாற்ற முடியும். ‘விலை மலிவு, கையெழுத்து மட்டும் போதும், பெயரை அப்புறம் மாற்றலாம்’ என்று யாராவது சொன்னால், வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

மலிவு விலை வீடுகளுக்கும் நிபந்தனை உண்டு. 1980-களில் அவற்றின் உச்ச விலை 25,000 வெள்ளியாக இருந்தது. 1998-இல் இடத்துக்கேற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. அன்று பெற்றோர் வாங்கிய அந்த வீடுகள் இன்று பலருக்குக் கை கொடுக்கின்றன. அரசாங்கத் திட்ட வீடுகள் சிலவற்றை, குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது. சலுகைக் கடிதத்தையும் பட்டாவில் உள்ள கட்டுப்பாட்டையும் மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து வரி வரியாகப் படித்துக் கேளுங்கள்.

கேள்வி: தெரிந்தவருக்குத்தான் விடுகிறோம். ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

தெரிந்தவர் என்றால் கட்டாயம் எழுத வேண்டும்! அந்நியரோடு சண்டை வந்தால் வாடகை மட்டும் போகும். மச்சானோடு சண்டை வந்தால் உறவும் போகும்.

ஒப்பந்தத்தில் வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை மாத முன்பணம், பழுதை யார் பார்ப்பது, காலி செய்ய எத்தனை நாள் அறிவிப்பு ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகையைத் தனியாகவும் வாங்குவது நடைமுறை. வாடகை வாங்கும்போதெல்லாம் ரசீது கொடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. மாதம் 550 என்றால் ஆண்டுக்கு 6,600. முத்திரை 27 வெள்ளிதான். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் செய்துவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

கேள்வி: வாடகை கொடுக்காமல் இருந்தால் பூட்டைப் போட்டு வெளியேற்றலாமா?

கூடாது. 1950-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே எறிவது, விளக்கையும் தண்ணீரையும் நிறுத்துவது எல்லாம் உங்கள் மீதே வழக்காகத் திரும்பும். முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் நீதிமன்றம் போகலாம். 1951-ஆம் ஆண்டின் வாடகைப் பறிமுதல் சட்டத்தின் கீழ், பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்கு நீதிமன்றத்தின் வழி பொருள்களைப் பறிமுதல் செய்ய இடமுண்டு.

இதற்கெல்லாம் காலமும் காசும் ஆகும். ஆகவே இரண்டாவது மாதம் தவறியதும் நேரில் போய்ப் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம். பாக்கியைப் பிரித்துக் கட்ட ஒரு வழி சொல்லி எழுதி வாங்குங்கள். முடியாது என்று தெரிந்தால், நல்ல விதமாகக் காலி செய்ய நாள் கொடுங்கள். லயத்திலிருந்து சட்டி பானையோடு இறக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வலி நமக்குத் தெரியும்.

கேள்வி: வாடகையை எவ்வளவு ஏற்றலாம்?

இப்போது சட்ட உச்சவரம்பு எதுவும் இல்லை. முன்பு இருந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது. மலாக்கா டவுனின் ஜோங்கர் சாலை, ஹீரன் சாலைக் கடைவீடுகளில் பல இப்படிப்பட்டவை. வாடகை மிகக் குறைவு என்பதால், பல வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவே இல்லை. கூரை ஒழுகியது. 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை ஒரேயடியாக ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் வெளியேறினார்கள்.

இரண்டும் பாடம்தான். ஏற்றவே முடியாவிட்டால் வீடு கெடும். ஒரேயடியாக ஏற்றினால் குடியிருப்பவர் போவார். நல்ல குடும்பம் ஒன்று காலி செய்து வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 1,100 வெள்ளி நட்டம். மாதம் 30 வெள்ளி ஏற்றி அதை ஈடுகட்ட மூன்று ஆண்டு ஆகும்.

கேள்வி: வருமான வரி உண்டா? வீட்டை யார் பெயரில் எழுதலாம்?

வாடகையும் வருமானமே. கடன் வட்டி, நில வரி, வீட்டு வரி, காப்புறுதி, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கழித்துக் கொண்டு மீதியைத்தான் கணக்கில் காட்ட வேண்டும். ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். வாங்கிய ஐந்து ஆண்டுக்குள் விற்றால், லாபத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை நிலச்சொத்து ஆதாய வரி உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு அது இல்லை.

பெயர் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் இருவரும்தான் நிரை பிடித்தார்கள். கடன் காப்புறுதியும் எடுத்து வையுங்கள். ஒருவர் கண் மூடினால் மற்றவர் தவணைக்காகக் கலங்க வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்று மனம் ஓடினால், ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் வீட்டின் கடைசித் தவணை எந்த ஆண்டு முடிகிறது, அப்போது உங்களுக்கு என்ன வயது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 60-க்குள் என்று வந்தால் துணிந்து இறங்கலாம். தாண்டினால், தவணையைக் கூட்டவோ வீட்டின் விலையைக் குறைக்கவோ வழி பாருங்கள். இரண்டாவது வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அடுத்த இதழில் உயில் எழுதுவது பற்றிப் பார்ப்போம்.